பாவம் ஏறிய வளையல்

யுத்தம் முடிந்த மறு வருஷம், ஆடி மாதம். திருத்தணியில் அரிசிக்கு ரேஷன். மண்ணெண்ணெய்க்கு ரேஷன். தறிக்கு நூல் வேண்டுமென்றால் பெர்மிட். பாவத்துக்கு மட்டும் தட்டுப்பாடே இல்லை. பாசக்கயிறு சுவாமிகள் ஊருக்குள் வந்த பிறகு அது பெருக்கெடுத்து ஓடியது.

அரக்கோணத்திலிருந்து வந்த ரயிலில் படிக்கட்டு தெரியாத அளவுக்கு ஆள். திருப்பதிச் சாலையில் பெட்ரோல் கிடைக்காமல் கரியை எரித்துப் புகையைக் கக்கிக்கொண்டு வந்த கரி பஸ்ஸில், உள்ளே இருந்தவர்களைவிட வெளியே தொங்கியவர்கள் அதிகம். கனகம்மாசத்திரத்தில் காப்பிக் கடை வைத்திருந்தவர் பாய்லரைத் தூக்கிக்கொண்டு திருத்தணிக்கே வந்துவிட்டார். எல்லாரும் மலைமேல் இருக்கிற முருகனைப் பார்க்கத்தான் கிளம்பினார்கள். ஆனால் சரவணப் பொய்கைக் கரையில் சுவாமிகளின் கீற்றுக் கொட்டகையைத் தாண்டி மேலே ஏறியவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. அதற்குக் காரணம் உண்டு. மேலே இருப்பவர் கேட்டதைக் கொடுப்பவர் என்று பேர்; அதற்கு நாளாகும். கீழே இருப்பவர் கேட்காமலே வாங்கிக்கொள்பவர். அது உடனே நடக்கும்.

சுவாமிகளுக்கு எந்த ஊர்? காசி என்றார் ஒருவர். இமயமலை என்றார் இன்னொருவர். எமதர்மனோடு அவருக்கு நேர்ப் பழக்கம் என்பதில் மட்டும் எல்லாரும் ஒன்றுபட்டார்கள். எமனுடைய பாசக்கயிற்றிலிருந்து ஓர் இழையைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறாராம். எமன் ஏன் கொடுத்தான், கயிறு குறைந்தால் அவன் தொழில் என்ன ஆவது என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கொட்டகைக்குள் செருப்புக்கும் கேள்விக்கும் அனுமதி கிடையாது. இரண்டையும் வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

உள்ளே நடந்தது இதுதான். சுவாமிகள் மான்தோலில் உட்கார்ந்திருப்பார். முன்னால் இரண்டு தட்டுகள். ஒன்று செம்பு, ஒன்று வெள்ளி. இரண்டிலும் சுருக்குப் போட்ட கறுப்புக் கயிறுகள். பக்தர் கையை நீட்டுவார். சுவாமிகள் கண்ணை மூடுவார். முழுசாக அல்ல, மணிக்கட்டில் என்ன மின்னுகிறது என்று தெரிகிற அளவுக்கு மூடுவார். பிறகு ஒரு வெள்ளி இடுக்கியால் ஏதோ ஒரு தட்டிலிருந்து கயிற்றை எடுத்து, கையில் மாட்டி, இடுக்கியாலேயே சுருக்கை இழுப்பார். பாவம் செய்த கைகளைச் சுவாமிகள் விரலால் தொடமாட்டார்.

பாவி இல்லையென்றால் ஒன்றும் ஆகாது. பாவி என்றால், ஒன்றிரண்டு நாளில் கயிறு கட்டிய இடம் சிவக்கும். கொதிக்கும். வீங்கும். வலி உயிரைப் பிடுங்கும். வீங்கிய கையில் தங்க வளையல் இருந்தால் அது சதைக்குள் புதைந்துகொள்ளும். அப்போது சுவாமிகள் பெருமூச்சு விட்டுச் சொல்வார்: "பாவம் பொன்னில் ஏறிவிட்டது, மகளே."

பாவம் ஏறிய பொன்னை வீட்டில் வைக்கலாமா? கூடாது. வளையல் சோப்பு நுரையில் வழுக்கிக் கழன்று, சீடன் ராஜமாணிக்கம் பிடித்திருக்கிற பாவக்குடத்தில் விழும். கயிறும் கழற்றி எரிக்கப்படும். தின்னத் திருநீறு கிடைக்கும். நாலைந்து நாளில் வலி குறையும், வீக்கம் வற்றும். "பாத்தியா, சாமியோட சக்திய!" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

இதில் ஒரு விசேஷம் யார் கண்ணிலும் படவில்லை. கண்ணாடி வளையல் போட்டவளுக்குக் கை வீங்கியதே இல்லை. மூட்டை தூக்குகிறவனுக்கு வீங்கியதே இல்லை. திருத்தணி வட்டாரத்தில் ஏழைகள் பாவமே செய்வதில்லை என்ற அரிய உண்மை சுவாமிகளால்தான் வெளிப்பட்டது.

நெசவுக்காரத் தெருவில் நாகராஜன் என்று ஒருவர். சொந்தமாகத் தறி. ஒரே பெண் கோமளவல்லி. அவளை நாகராஜனின் அக்கா வரலட்சுமியின் மகனுக்கு நிச்சயம் செய்திருந்தது. அக்கா புத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். மகன் நாகேந்திரன், திருப்பதி பஸ்ஸில் கண்டக்டர். ஆவணியில் முகூர்த்தம். பெண்ணுக்கென்று நாகராஜன் ஒரு ஜோடி தங்க வளையல் செய்து போட்டிருந்தார்.

அந்த ஜோடி வளையலோடு மகளைச் சுவாமிகளிடம் அழைத்துப் போனதுதான் அவர் செய்த புத்திசாலித்தனம்.

"எதுக்கு நைனா? நான் இன்னா பாவம் பண்ணேன்?" என்றாள் கோமளவல்லி.

"பண்ணலன்னு தெரிஞ்சிகினு வந்துடலாம்மா. கல்யாணப் பொண்ணு. உங்க அத்தை ஒரு மாதிரி. நாளைக்கு ஏதாவது பேச்சு வந்துட்டா?"

பேச்சு வரக்கூடாதென்று போனார். பேச்சு வந்துவிட்டது. வலது மணிக்கட்டு மறுநாள் அரித்தது. அடுத்த நாள் பிஞ்சுப் பரங்கிக்காய் அளவுக்குப் பொங்கி, நீர்க்கொப்புளமும் கிளம்பியது. வளையல் குடத்தில் விழுந்தது. மற்றவர்களுக்கு அதோடு பாவம் தீரும். சுவாமிகள் இந்தப் பெண்ணின் இடது கையையும் பார்த்துவிட்டார்.

"இது சாமானியப் பாவம் இல்லை. போன ஜன்மத்துப் பாவம். அந்தக் கைக்கும் நகர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வளையலும், தாயாரின் ஒட்டியாணமும் குடம் ஏறினால்தான் கயிறு இறங்கும்."

"ஒட்டியாணம் போன ஜன்மத்துல பண்ணதில்லீங்களே சாமி. போன தையிலதான் பண்ணது" என்றாள் கோமளவல்லி.

ராஜமாணிக்கம் "ஷ்!" என்றான். ஒரு பொட்டலம் திருநீறு கொடுத்து, வீங்கிய கையோடும் கட்டிய கயிறோடும் அனுப்பிவிட்டார்கள்.

கிருத்திகைக்கென்று முன்கூட்டியே புத்தூரிலிருந்து மகனோடு வந்து இறங்கினாள் வரலட்சுமி. தம்பி மகளின் கையைப் பார்த்தாள். காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"தம்பி! இது இன்னாடா?"

"ஒண்ணும் இல்லக்கா. லேசா..."

"லேசாவா? ஊரே சொல்லிகினு கீது. போன ஜென்மத்துப் பாவமாமே! என் வீட்டுக்கு வெளக்கேத்த வர்ற கையாடா இது? சாமி வாயால 'பாவம் தீந்துச்சு'ன்னு ஒரு வார்த்த வரட்டும், தாலி கட்டலாம். இல்லன்னா கிருத்திகை அன்னிக்கே நிச்சயத் தட்ட திருப்பிக் குடுத்துட்டுப் போயிடுவேன். ஆங்!"

"அம்மா, சும்மா இரும்மா" என்றான் நாகேந்திரன்.

"நீ டிக்கெட்ட கிழி. இதுல தலையிடாத."

நாகராஜன் மனைவியின் பெட்டியைத் திறந்து ஒட்டியாணத்தைத் தேட ஆரம்பித்தார். கோமளவல்லி பெட்டி மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். "நைனா, இதக் குடுத்தீங்கன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்."

அன்று பிற்பகல் அழுதுகொண்டே இருக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. தறியில் பாதியில் நின்ற வெள்ளை வேட்டியை முடிக்கலாம் என்று உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் நாகராஜன் தலையில் அடித்துக்கொண்டார். கயிறு உரசிய இடமெல்லாம் புதுத் துணியில் பழுப்புக் கறை.

நெசவுக்காரர் வீட்டில் போன ஜன்மத்துப் பாவத்தை மன்னிப்பார்கள். புதுத் துணியில் கறையை மன்னிக்கமாட்டார்கள். கோமளவல்லி துணியை அறுத்தெடுத்துக் கறையோடு மல்லுக்கு நின்றாள். சோப்புப் போட்டாள். மோரில் ஊறவைத்தாள். ஆத்திரத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்து அப்பினாள். பழுப்பாக இருந்த கறை அட்டைக் கறுப்பாக மாறிச் சிரித்தது.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, யோசனை வந்தது. கொடியில் வெளுத்து வந்த துணி தொங்கியது. துணி வெளுக்கிற ஆனந்தன் அதன் மூலையில் போட்ட குறியைப் பார்த்தாள். அதே கறுப்பு. எந்த வெள்ளாவிக்கும் போகாத கறுப்பு. துணிக் குறி போடுகிற சேராங்கொட்டைப் பால்! சுண்ணாம்பு பட்டால் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிற சரக்கு உலகத்திலேயே அது ஒன்றுதான் அவளுக்குத் தெரியும்.

எமன் எப்போது துணி வெளுக்க ஆரம்பித்தான்?

கறைத் துணி, திருநீற்றுப் பொட்டலம், வீங்கிய கை மூன்றையும் எடுத்துக்கொண்டு அவள் தர்ம ஆஸ்பத்திரிக்குப் போனாள். துணைக்கு யாரும் வரவில்லை. தெருக்கோடியில் நாகேந்திரன் மட்டும், தற்செயலாக வந்தவனைப் போலச் சேர்ந்துகொண்டான். தற்செயல் முக்கால் மணி நேரமாக அங்கே நின்றுகொண்டிருந்தது.

டாக்டர் ஜமீல் அகமது முதல் வேலையாகக் கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டி, குறட்டால் பிடித்து ஒரு பாட்டிலில் போட்டார். கறைத் துணியைப் பார்த்து, அவள் சொன்ன சேராங்கொட்டைச் சந்தேகத்தையும் கேட்டுக்கொண்டே, கையைக் கழுவி மருந்து தடவினார்.

"இந்தக் கைக்குள்ள பேய் இருக்குதா டாக்டருங்களே?" என்றான் நாகேந்திரன்.

"இருக்கு. ரொம்ப விசுவாசமான பேய். இவங்க உடம்புதான்" என்று சிரித்தார் டாக்டர். "இங்க பாரும்மா. கடைத்தெருவுல தீப்பிடிச்சா என்ன பண்ணுவாங்க? ஆளாளுக்குக் குடத்தோட ஓடி வருவாங்க. சந்து அகலம் பத்தலன்னா வேலியப் பிடுங்குவாங்க. தண்ணிய வாரி ஊத்துவாங்க. உன் கையில நடக்கிறது அதேதான். விஷம் தோல்ல பட்டுச்சு. உடம்பு கூப்பாடு போட்டுச்சு. ரத்தக் குழாயெல்லாம் அகலமாச்சு, ரத்தம் பாஞ்சுது, அதான் செவப்பு, அதான் சூடு. குழாய்ச் சுவர்ல சந்து விட்டு நீர் கசிஞ்சுது, அதான் வீக்கம். அந்தச் சந்து வழியா வெள்ளை அணுக்கள் சண்டைக்கு வெளிய குதிச்சுது. நரம்ப எல்லாரும் மிதிச்சாங்க, அதான் வலி. வீக்கம் பாவமும் இல்ல, சாபமும் இல்ல. காவல். ஆனா சில சமயம் பீடித் துண்டப் பாத்துட்டு ஊரே குடத்தோட ஓடி வரும். தீ எரிச்சதவிட இவங்க நனைச்சு நாசம் பண்ணதுதான் அதிகமா இருக்கும். சேராங்கொட்டை பட்டா அப்படித்தான்."

"அப்போ திருநீறு தின்னா வலி கொறையுதே?" என்றாள் கோமளவல்லி.

டாக்டர் பொட்டலத்தைப் பிரித்துக் காகிதத்தில் கொட்டினார். விரலால் கிளறினார். சாம்பலுக்கு நடுவே வெள்ளையாக ஒரு அரை வட்டத் துண்டு. நேராக உடைந்த விளிம்பு. ராஜமாணிக்கம் அரைக்கச் சோம்பல்பட்டிருக்கிறான்.

"ஆஸ்பிரின்" என்றார் டாக்டர். "ஓடி வர்ற கூட்டத்த 'போதும், திரும்பிப் போங்க'ன்னு அடக்குற சரக்கு. சீமையில வலிக்கு ஒரு மரப்பட்டையக் கஷாயம் வெச்சுக் குடிப்பாங்க, அதோட பேத்தி. வலியக் குறைக்கும், சூட்டக் குறைக்கும். மிச்சம் வீக்கம், கயிற எடுத்ததுமே நாளாவட்டத்துல தானா வத்தும்."

"அது எப்படிங்க அடக்குது?"

"எங்களுக்கே இன்னும் சரியாத் தெரியாது."

"டாக்டருக்கே தெரியாதா?"

"தெரியாததத் தெரியாதுன்னு சொல்றதுதாம்மா எனக்கும் உங்க சாமிக்கும் வித்தியாசம்."

திரும்பி வருகிற வழியில் ஃபக்ருதீன் பாயின் நாட்டு மருந்துக் கடை. கோமளவல்லி சேராங்கொட்டை கேட்டாள். பாய் அவள் கையைப் பார்த்துவிட்டுப் பதறினார்.

"வேணாம்மா! ஏற்கெனவே தொட்டுட்டியா? கையில எண்ணெய் தடவிகினுதான் அத தொடணும். இடுக்கியால எடுக்கணும். அந்தச் சாமியோட சீடன் தெனம் வந்து வாங்கிகினு போறான். நானும் கேக்கணும் கேக்கணும்னுதான் இருக்கேன். எமலோகத்துல அவ்ளோ துணியா வெளுக்குறாங்க?"

இடுக்கி! கோமளவல்லியும் நாகேந்திரனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நிச்சயம் ஆனதிலிருந்து அவர்கள் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. பார்த்தது இடுக்கியை நினைத்து என்றாலும், அதுவும் பார்வைதான்.

"பாவா, நம்ம சொன்னா ஊரு நம்பாது" என்றாள் அவள், அத்தை மகனிடம். "ஊரு சாமியத்தான் நம்புது. அதனால சாமியவே சொல்ல வெக்கணும்."

ஆடிக் கிருத்திகை. மலையே பூக்காவடியாக ஆடியது. கொட்டகையில் மூச்சுவிட இடமில்லை. மேடையில் சுவாமிகள். பக்கத்தில் ராஜமாணிக்கம், குடத்தோடு. முன்னால் பஜனைக் கோஷ்டி. கோஷ்டித் தலைவருக்குத் தொப்பையும் பெரிது, குரலும் பெரிது, பக்தி அதைவிடப் பெரிது.

கோமளவல்லி மேடை ஏறினாள். வரலட்சுமி முன்வரிசையில் காதைத் தீட்டிக்கொண்டாள். நாகராஜன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சாமி! நான் பாவிதான். ஒத்துக்கிறேன். ஒட்டியாணமும் கொண்டாந்துகீறேன்."

கூட்டம் "அரோகரா!" என்றது. சுவாமிகளின் முகம் விளக்கேற்றிய மாதிரி ஆனது.

"ஆனா ஒரு ஆசை சாமி. ஊரே பாவி. நீங்க ஒருத்தர்தான் பாவமே இல்லாதவரு. உங்க கையில இந்தக் கயிற கட்டினா ஒண்ணுமே ஆவாது இல்லீங்களா? அத ஒரு தடவ கண்ணால பாத்துட்டா எங்க ஜென்மம் கடைத்தேறிடும்."

சுவாமிகளின் முகத்திலிருந்த விளக்கு அணைந்தது.

"அதற்கு இப்போது அவசியம்..."

"அரோகரா!" என்று குதித்தார் கோஷ்டித் தலைவர். "இன்னா யோசன சொன்னம்மா! சாமி, உங்க பெருமைய ஊரு பாக்கட்டும்!"

"எமதர்மன் கோபிப்பான், அப்பா."

"எமனு உங்க சிநேகிதரு சாமி! சொல்லிக்கலாம்!"

"இன்று நாள் சரியில்லை."

"கிருத்திகைங்க! இதவிட நல்ல நாளு பஞ்சாங்கத்துலயே இல்ல!"

பகுத்தறிவு ஒரு சாமியாரை இந்த அளவுக்கு மடக்கியிருக்காது. பக்தி மடக்கியது. நாலு பக்தர்கள் ஆசையாகச் சுவாமிகளின் கையைப் பிடித்து நீட்டினார்கள். கோமளவல்லி அவருடைய வெள்ளி இடுக்கியையே எடுத்து, வெள்ளித் தட்டிலிருந்தே ஒரு கயிற்றைத் தூக்கி, அவர் மணிக்கட்டில் மாட்டிச் சுருக்கை இழுத்தாள். பரவசத்தில் கோஷ்டித் தலைவர் அந்த இடுக்கியை வாங்கி இன்னும் கொஞ்சம் இறுக்கினார்.

"இருங்க, இன்னும் ரெண்டு கை பாக்கி" என்றாள். செம்புத் தட்டிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தாள். "இது பொன்னு போடாதவங்களுக்குக் கட்டுற கயிறு. சாமி கையால மந்திரிச்சதுதான். நான் பாவின்னா இதுலயும் வீங்கணும் இல்ல?" தன்னுடைய இடது கையில் கட்டிக்கொண்டாள்.

நாகேந்திரன் மேடையில் தாவி ஏறினான். விசில் ஒன்று ஊதினான், பழக்கதோஷம். "என் கையில இருக்கிறது எங்க மாமா தறியில அறுத்த நூலு. பாய் கடைச் சேராங்கொட்டைப் பாலுல நனைச்சது. மந்திரம் கெடையாது, எமன் கெடையாது, சாமி மூச்சுக்காத்துகூடப் படல. இது எனக்கு!"

"ஏண்டா டேய்!" என்று அலறினாள் வரலட்சுமி. அதற்குள் கட்டிக்கொண்டுவிட்டான்.

"நாளைக்குப் பாப்போம்" என்றார் கோமளவல்லி கூட்டி வந்திருந்த டாக்டர் ஜமீல் அகமது, மூன்று கைகளையும் பார்த்துவிட்டு. "யாரும் கயிற கழற்றக் கூடாது. எண்ணெயும் தடவக் கூடாது."

சுவாமிகளுக்குப் பக்தர்கள் செய்த காவலைப் போல் எந்த ஜெயிலிலும் செய்ததில்லை. அவர் எண்ணெய்க் குளியல் வேண்டும் என்றார். தபசில் இருப்பவருக்கு எண்ணெய் ஆகாது என்றார் தலைவர். கொஞ்சம் ஏகாந்தம் வேண்டும் என்றார். கோஷ்டி முழுவதும் ஏகாந்தத்துக்குக் கூடவே வந்தது, ஜால்ராவோடு. ராஜமாணிக்கம் குடத்தைத் தூக்கிக்கொண்டு ரயிலடிப் பக்கம் நகர்ந்தான். "கொடத்த எங்கடா எடுத்துகினு போற? சாமி மடியில வை, அவருக்குத் தெம்பா இருக்கும்!" என்று தலைவர் திருப்பி அழைத்து வந்தார். விடிய விடியப் பஜனை.

மறுநாள் சுவாமிகளுக்கு அரிக்க ஆரம்பித்தது.

முதலில் கண்ணை மூடிப் பொறுத்தார். பிறகு தொடையில் தேய்த்தார். பிறகு தூணில் தேய்த்தார். பிறகு எழுந்து ஒற்றைக் காலில் குதித்தார். கையை உதறினார். சுழன்றார்.

"சாமிக்கு அருள் வந்துடுச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

அவ்வளவுதான். பம்பை முழங்கியது. காவடிகள் சுழன்றன. திருவாலங்காட்டில் சிவபெருமான் ஆடியதாகச் சொல்லும் தாண்டவத்தைப் பொய்கைக் கரையில் பாசக்கயிறு சுவாமிகள் ஆடினார். அவர் வேகமாகச் சொறிய, பம்பைக்காரர் வேகமாக அடிக்க, ஊரே ஆடியது. நாகேந்திரனும் கையை உதறிக்கொண்டு ஆடினான், அவனுக்கும் அரிப்பு. வலது கை பாதி வற்றிய கோமளவல்லி ஒருத்திதான் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"தேங்காயெண்ணெய்!" என்று வீறிட்டார் சுவாமிகள். "அடே ராஜமாணிக்கம்! எண்ணெய் கொண்டாடா! சேராங்கொட்டைடா! உயிர் போகுதுடா!"

பம்பை நின்றது.

மேடையில் டாக்டர் மூன்று கயிறுகளையும் வெட்டினார். சுவாமிகளின் மணிக்கட்டு நீர்க்கொப்புளத்தோடு பொங்கி நின்றது. நாகேந்திரனுடையது அதற்குத் தம்பி மாதிரி. கோமளவல்லியின் இடது மணிக்கட்டு, வளையலும் தானுமாக, மெலிந்து வழவழவென்று இருந்தது.

கோஷ்டித் தலைவரின் கண்ணில் நீர். "சாமி... நீங்களுமா பாவி?"

கூட்டம் கொதித்தது, தவறான காரணத்துக்காக. "எங்களவிடப் பெரிய பாவியா நீ? எங்க பாவத்த நீ கழுவுறியா?" நம்மவர்களுக்கு எதிரே யானை வந்து நின்றாலும், அது போன ஜன்மத்தில் என்னவாக இருந்தது என்றுதான் முதலில் கேட்போம்.

"ஐயோ, பாவமும் இல்ல, புண்ணியமும் இல்ல!" என்று கோமளவல்லி மேடை விளிம்புக்கு வந்து கத்தினாள். "கொஞ்சம் கண்ணத் தொறந்து பாருங்க! பாவாவுக்கு மந்திரமே இல்லாத கயிறு, வீங்கிச்சு. எனக்கு மந்திரிச்ச கயிறு, வீங்கல. அப்போ வீங்குறது மந்திரத்துலயா, சேராங்கொட்டையிலயா? தங்க வளையல் போட்டா வெள்ளித் தட்டு, கண்ணாடி வளையல் போட்டா செம்புத் தட்டு. எமனுக்கு எதுக்கு நகைக் கணக்கு? திருநீத்துல கலந்தது வலி மாத்திரை!"

கூட்டம் இரண்டு தட்டுகளையும் திரும்பிப் பார்த்தது. வரலட்சுமி எழுந்தாள். மகனின் வீங்கிய கையைப் பார்த்தாள். மேடைக்குப் போனாள். வெள்ளி இடுக்கியை எடுத்தாள். வெள்ளித் தட்டிலிருந்து ஒரு கயிற்றை நிதானமாகத் தூக்கிக்கொண்டு ராஜமாணிக்கத்தை நோக்கி நடந்தாள்.

"நீ பாவியா, புண்ணியவானா? பாத்துடலாமா கண்ணு?"

"வேணாம்மா! வேணாம்!" ராஜமாணிக்கம் குடத்தைப் போட்டுவிட்டுத் தரையில் விழுந்தான். "அவரு சொல்லித்தாம்மா நனைச்சேன்! ராவெல்லாம் எண்ணெய் தடவிகினு நனைச்சேன்! எல்லாம் கொடத்துலதான் கீது! காசியும் இல்ல, இமயமும் இல்ல, நாங்க காட்பாடிம்மா!"

குடம் உருண்டது. வளையல்கள் கொட்டின. அத்தனை நாள் பாவம் ஏறிய பொன் என்று தொடப் பயந்த பெண்கள், ஒரே நொடியில் பயம் தெளிந்து பாய்ந்தார்கள். கோமளவல்லியின் வளையலை வரலட்சுமியே பொறுக்கி எடுத்து, முந்தானையில் துடைத்து, அவள் கையில் போட்டாள்.

"அத்தை, நான் போன ஜென்மத்துப் பாவி ஆச்சே?" என்றாள் கோமளவல்லி.

"வாய மூடு. போன ஜென்மத்துல நீ எனக்கு மாமியாரா இருந்திருப்ப. அதான் இப்படிப் படுத்துற."

போலீஸ்காரர் வந்தார். விலங்கு மாட்டக் கையைப் பிடித்தார். சுவாமிகள் போட்ட கூச்சலில், விலங்கு மறு கைக்கு மாறியது. பாவம் ஏறாத கை அது.

ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளையின் மணிக்கட்டில் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. கங்கணம் கட்ட நூலை எடுத்த புரோகிதர், அதைக் கட்டுமுன் மாப்பிள்ளை முகர்ந்து பார்த்ததைக் கண்டு திடுக்கிட்டார். பெண்ணும் வாங்கி முகர்ந்து பார்த்தாள். அப்புறம்தான் இரண்டு பேரும் கையை நீட்டினார்கள். பந்தியில் டாக்டருக்கு இரண்டு வடை அதிகம் விழுந்தது.

மறுவாரம் நாகேந்திரன் வேலைக்குப் போனான். திருத்தணியில் கரி பஸ் கிளம்புகிற நேரம். நெற்றி நிறையத் திருநீறோடு ஒருவர் அவசர அவசரமாக ஏறினார். வேறு யாருமில்லை, கோஷ்டித் தலைவர்தான்.

"கனகம்மாசத்திரத்துக்கு ஒரு டிக்கெட் குடு தம்பி. அங்க எலுமிச்சம்பழச் சாமியாரு ஒருத்தரு வந்துகீறாராம். பழத்த அறுத்தா ரத்தம் வருதாம்! இவரு மாதிரி இல்ல, இவரு உண்மையானவராம்!"

நாகேந்திரன் தழும்பேறிய கையால் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான்.

"போங்க. ஆனா பழத்த நீங்க வாங்கிகினு போங்க. கத்தியும் நம்ம வீட்டுக் கத்தியா எடுத்துகினு போங்க."

தலைவர் ஒன்றும் புரியாமல் விழித்தார். பஸ் புகை விட்டுக்கொண்டு கிளம்பியது.

வீங்கிய கைக்கு ஆஸ்பிரின் உண்டு. நாலைந்து நாளில் கையும் வற்றிவிடும். யோசிக்க மறுக்கிற மண்டைக்கு எந்த மருந்துக் கடையிலும் மாத்திரை இல்லை, வாசகர்களே. அதற்கான சரக்கு அந்த மண்டைக்குள்ளேயேதான் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள்.